பின்னர் தரப்படும்

"சர்ச் மேட்டு பெஞ்சை யாரும் தொடக் கூடாது. இதை எழுதிக்கோம்மா."

நகரசபை அலுவலகத்தில் ஜெம்மா மட்டும்தான் இருந்தாள். மற்றவர்கள் நாளைய கோடை விழாவுக்காகக் கடைத்தெருவில் தோரணம் கட்டப் போயிருந்தார்கள். அவள் லீட்ஸிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எதிரே நின்ற பெரியவரை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. எண்பதுக்கு மேல் இருக்கும். ஜூன் வெயிலிலும் கோட்டும் டையும். மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் முதுகு வளையவில்லை.

"பாதி ஏத்தத்துல இருக்கே, அந்த பெஞ்சா சார்?"

"அதேதான். அதை எடுத்துட்டுப் பூந்தொட்டி வைக்கப் போறீங்களாமே? நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"ஆமா சார். அழகான ஊர் போட்டிக்கு அடுத்த மாசம் நடுவருங்க வர்றாங்க. பெஞ்சைத் தூக்கி எறியலை, ஆத்தங்கரைப் பூங்காவுக்கு மாத்தறோம்."

"ஆத்தங்கரையில மேடு ஏது? சமதரையில எவனுக்கு மூச்சு வாங்குது?"

ஜெம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அது நினைவு பெஞ்ச் சார். குடும்பத்துல யாராவது மறுப்பு எழுதிக் கொடுத்தாதான் நிறுத்த முடியும். இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது."

"குடும்பம்தான். ஹேதர்லி."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். ஜெம்மா அவசரமாகக் கோப்பைத் தேடி எடுத்தாள்.

"வில்ஃப்ரெட் ஹேதர்லி நினைவாக... ஒன்பது வருஷம் ஆச்சு. விண்ணப்பம் போட்டது எட்னா ஹேதர்லி."

"என் மனைவி. இந்த ஊர் கோர்ட்ல இருபத்திரண்டு வருஷம் மாஜிஸ்திரேட். பொய் சொன்னவன் ஒருத்தனையும் சும்மா விட்டதில்ல. போன வருஷம் போயிட்டா. மேட்டு உச்சியில, சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கா."

"தினமும் போவீங்களா சார்?"

"தினமும். நடந்து."

"தன்னார்வலர் வேன் ஒண்ணு இருக்கு. சொன்னா வீட்டு வாசலுக்கே வந்து..."

"ஹேதர்லி வீட்டு ஆளுங்க அந்த மேட்டுல வண்டியில போறது ஒரே ஒரு தடவைதான். அப்ப சொல்லி அனுப்பறேன்."

ஜெம்மா தலையைக் குனிந்துகொண்டு கோப்பைப் புரட்டினாள்.

"இதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மா ரெண்டு கடிதம் எழுதியிருக்காங்களே. மேட்டுல வயசானவங்க இளைப்பாற ஒரு பெஞ்ச் வேணும்னு. ரெண்டையும் நிராகரிச்சிருக்காங்க. சாதாரண பெஞ்சுக்கு அனுமதி இல்ல, யாராவது இறந்தவங்க நினைவா இருந்தா மட்டும் போடலாம்னு பதில். அப்புறம் மூணே வாரத்துல..." அவள் குரல் இறங்கியது. "மூணே வாரத்துல இந்த விண்ணப்பம். ஐயோ. வில்ஃப்ரெட் உங்க பையனா சார்?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ ஏணியில் நின்று தோரணத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிடிவாதக்காரன்," என்றார். "நெஞ்சுல கோளாறுன்னு டாக்டரே சொல்லியாச்சு. கேட்டாத்தானே? எட்னா வாங்கிக் கொடுத்த கைத்தடியை வீட்டு மூலையில குடையோட குடையாப் போட்டுட்டுப் போவான். பாதி மேட்டுல நின்னு, ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சு மூச்சு வாங்குவான். ஒரு ஏத்தத்துக்கு மூணு தடவை லேஸ் அவிழுமான்னு கேப்பா எட்னா. சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனா."

"அந்தப் பித்தளைத் தகட்டுல, 'வில்ஃப்ரெட் நினைவாக. உட்கார். இது உத்தரவு'ன்னு இருக்கும். தினமும் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வருவேன் சார். இப்பதான் புரியுது." ஜெம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க, நானே மறுப்பை எழுதிடறேன். இந்த பெஞ்ச் எங்கேயும் போகாது."

எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா சட்டென்று நின்றது.

"ஒரு சிக்கல் சார். பழைய விண்ணப்பத்துல இறந்த தேதி கட்டம் காலியா இருக்கு. அது பரவாயில்ல, பெத்த மனசு, எழுத கை வந்திருக்காது. ஆனா இறப்புச் சான்றிதழ்ங்கிற இடத்துல அம்மா 'பின்னர் தரப்படும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது இன்னும் வந்து சேரலை. அது இல்லாம மறுப்பு செல்லாது."

மணி ஐந்தாக நாலு நிமிடம். பெரியவரின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"இதனால எட்னா பேருக்கு ஏதாவது வருமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. தப்பான தகவல் எழுதியிருந்தாத்தான் பிரச்சினை."

"என் மனைவி எழுதினதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது!" பெரியவரின் குரல் உயர்ந்தது. "நல்லாப் படிச்சுப் பாரு. ஒரு வார்த்தை."

"அதான் சார், நானும் நம்பறேன். அந்தச் சான்றிதழை மட்டும் எப்பத் தருவீங்க?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். கோட்டின் உள்பையிலிருந்து தன்னுடைய முதியோர் பஸ் பாஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார். புகைப்படத்தில் இதே கோட்டு, இதே விறைப்பு. பக்கத்தில் பெயர்: வில்ஃப்ரெட் ஹேதர்லி.

"பின்னால கண்டிப்பாத் தரப்படும்மா. எட்னா வாக்கு கொடுத்தா கொடுத்ததுதான்," என்றார் அவர். "அதுவரைக்கும் நான் உட்கார இடம் வேணும்."