மெட்டி கறுக்கவில்லை

மில்லில் இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்கிறது. மழைக்குப் பிந்திய வெயிலில் புறவாசல் கரிசல் ஆவி விடுகிறது. சுதாராணி, காளானில் அரிந்து போட்ட அடித்தண்டுகளைக் குனிந்து கூட்டுகிறாள். காலையில் புருஷன் மாரிராஜ் ஓடைக்கரைப் புற்றில் பிடுங்கி வந்தது. காளானோடு அவள் கொதிக்கவிட்ட வெள்ளி மெட்டி கறுக்கவில்லை. விஷமில்லை என்று துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கால்விரலில் அதன் சூடு பட்ட இடம் இன்னும் எரிகிறது. தண்டுகளில் எலிவால்போல நீண்ட வேர், வேரில் கருப்பாகப் புற்றுமண். துடைப்பம் ஒன்றைப் புரட்டுகிறது. அதற்கு வேர் இல்லை. அடி உருண்டு, உடைந்த முட்டையோட்டுக்குள் உட்கார்ந்ததுபோல ஒரு வெள்ளைப் பைக்குள் இருக்கிறது. அவள் அதை எடுக்கிறாள். இந்த வெயிலிலும் அது சில்லென்றிருக்கிறது. இது புற்றில் முளைத்ததல்ல; பைக்குள் முளைப்பது விஷக்காளான். இதன் குடை குழம்பில் கிடக்கிறது. எந்தத் துண்டு என்று இனி யாருக்கும் தெரியாது. உள்ளே மாரிராஜ் விரலைச் சப்புகிற சத்தம் கேட்கிறது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, தண்டோடு அவள் வாசற்படிக்கு ஓடுகிறாள். தொட்டில் கயிறு கிறீச்சிட்டு நிற்கிறது.

“ஏட்டி, கோழிக்கறியே தோத்துது போ! காவியா முழிச்சிட்டா, அவளுக்கும் ரெண்டு வாய் ஊட்டட்டுமா?”