கடைசி வரி இரண்டு தடவை

மேடையில் நின்ற என் தங்கையின் நீல உடையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இருக்காது. தேய்த்துக் கொடுத்தவள் நான்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஊரார் துணியைத் தேய்ப்பவள், வீட்டுக்கு வந்து இவளுடையதையும் தேய்த்தேன். "அக்கா, நீயே தேய்ச்சுக் குடு, உன் கை ராசியான கை" என்று ஐஸ் வேறு வைத்தாள். எனக்கு இருந்த வயிற்றெரிச்சலுக்கு இஸ்திரிப் பெட்டியைச் சொருகாமலேயே தேய்த்திருக்கலாம்.

ஒற்றுமை நாள் விழாவில் ஆண்டுதோறும், வெளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் ஒருவர்தான் தேசிய கீதத்தைத் தனியாக மேடையில் பாட வேண்டும். இந்த ஆண்டு அக்கா தங்கை இரண்டு பேருமே தேர்வுக்குப் போனோம்.

தேர்வு நடத்திய பாட்டு டீச்சர் என்னிடம் சிரித்தபடியேதான் சொன்னாள். "குரல் அருமைம்மா. ஆனா கடைசி வரிய ரெண்டு தடவை பாடிட்டீங்களே. அது ஒரு தடவைதான்."

எனக்குத் தெரியாதா என்ன? கூட்டத்தோடு நின்று பாடினால் எல்லாரும் நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்திவிடுவேன். தனியாகப் பாடினால் வாய் தானாகத் திரும்பிப் போகிறது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

தங்கை சரியாகப் பாடினாள். பாடாமல் என்ன? நாங்கள் வந்த மறு வருடம் இங்கேயே பிறந்தவள். நான் ஒன்பது வயதில் பெட்டியோடு பெட்டியாக வந்து இறங்கியவள். இந்த நாட்டுப் பாட்டு அவளுக்குத்தானே சொந்தம்!

பக்கத்து நாற்காலியில் அம்மா உருகி வழிந்தாள். "நம்ம வீட்டுப் புள்ளடீ!" என்று என் தொடையைக் கிள்ளினாள்.

அப்போ நான் யார் வீட்டுப் பிள்ளையாம்?

அரங்கம் எழுந்து நின்றது. தங்கை பாடத் தொடங்கினாள்.

எங்கேயாவது ஓர் இடத்தில் பிசகிவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கூடப் பிறந்தவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் அதைத்தான் நினைத்தேன். அவள் பிசகவே இல்லை.

கடைசி வரியும் முடிந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் பாதி உட்கார்ந்துவிட்டார்கள்.

தங்கை கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தாள்.

பார்த்தபடியே அந்தக் கடைசி வரியை மறுபடியும் எடுத்தாள். மெதுவாக, குரலைத் தாழ்த்தி.

பாதி உட்கார்ந்தவர்கள் பதறிக்கொண்டு எழுந்தார்கள். பாட்டு டீச்சர் தலையில் கைவைத்தாள். பின்னால் யாரோ கூடப் பாடினார்கள். இன்னொருவர் சேர்ந்தார். அப்புறம் அரங்கமே சேர்ந்துகொண்டது. யார் இந்த மண்ணிலேயே பிறந்தவர், யார் நேற்று வந்தவர் என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை. தலையில் வைத்த கையை எடுத்துவிட்டு டீச்சரும் பாடினாள்.

பாவி என் தங்கை, அதையும் என்னைவிட நன்றாகப் பாடினாள்.

பாடும்போது அவளுடைய இடது கை இடுப்போரமாக உடையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மெல்ல, விட்டு விட்டு. குனிந்து பார்த்தால் என் கையும் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இப்படிப் பாட இவ எங்கடீ கத்துக்கிட்டா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. அந்த நாளில் அவளும் அப்பாவும் பிஸ்கட் ஆலையில் மாலை ஷிப்ட். வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். புதுப் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். பாடத்தையும் பிள்ளையையும் ஒரே பாட்டில் முடித்துவிடுவேன்.

கடைசி வரியை ஒரு தடவை பாடினால் அவளுக்குக் கண் சொருகும். தூங்க மாட்டாள்.