இரண்டாம் தடவை

மனைவி ஷிரின் மவுத்தாகி ஆறு மாதம் கழித்து, பபேடான் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த அய்யூப் அவளுடைய பியானோவை விலை பேசினார். வாங்க வந்தவர் இசை வாத்தியார் சுரேந்திரன். அதன் மேலே கிடந்த இசைத்தாளை விரித்து வாசித்துப் பார்த்தார். ஷிரின் தினமும் வாசித்த, பரோக் காலத்து சொனாட்டா என்ற பழைய ஐரோப்பிய இசை அது.

முதல் பாதி முடிந்ததும் நிறுத்தினார். "இந்தப் பாதியை ரெண்டு தடவை வாசிக்கணும், பாய். ரெண்டாம் தடவைதான் வாசிக்கிறவங்க சொந்தமா சுழிப்பு, அலங்காரமெல்லாம் சேர்ப்பாங்க."

"அப்படியா? கேட்டதையே எதுக்குக் கேக்கணும், கடைக்கு ஆள் வருதுன்னு நான் ஷிரினை அதோட நிறுத்தச் சொல்லிருவேன்."

சுரேந்திரன் எழுந்து நின்று, "கட்டையெல்லாம் இறுக்கமா இருக்கு" என்று விலையைக் குறைக்க ஆரம்பித்தார்.

அப்போது பியானோ முதலிலிருந்து ஒலித்தது. முன்னால் யாருமில்லை. கட்டைகள் தாமாக அமுங்கின. அதே மெட்டுதான், ஆனால் சுரத்துக்குச் சுரம் குழைந்தது, சுழித்தது, குறும்பு செய்தது. இருபது வருஷக் குடித்தனத்தில் அய்யூப் கேட்டிராத வாசிப்பு.

சுரேந்திரன் ஓரடி பின்வாங்கினார். இருந்தாலும் வியாபாரத்தை விடவில்லை. "ரெண்டு மடங்கு தர்றேன், பாய்!"

அய்யூபின் வாய் பேரத்திலேயே வளர்ந்தது. "மூணு" என்றது.

வாசிப்பு நின்றுவிட்டது.

"இல்ல ஷிரின், விக்கல. நீ வாசிம்மா" என்றார் அய்யூப்.

ஒரு கட்டை மட்டும் இன்னும் அமுங்கியிருந்தது. அதைத் தொடக் கை நீட்டினார். யாரோ விரலை எடுத்ததுபோல் அது மெல்ல மேலே எழுந்தது.