கற்பூரம் ஒற்றிக்கொள்ளத் தெரியாதவர்

கற்பூரத் தட்டு சிலிண்டர் அறையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது ஸ்டெபினுக்கு அந்த நாற்றம் அடித்தது.

அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலந்து அனுப்புகிற நாற்றம். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் மாதாமாதம் எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொடுப்பதே ஸ்டெபின்தான். சேஃப்டி ஆபீசர்.

ஆயுதபூஜை. லேத், பிரஸ் எல்லாவற்றுக்கும் காட்டி முடித்துத் தட்டு கேன்டீனுக்கு வந்திருந்தது.

காலையிலேயே சிலிண்டர்களைக் கழற்றிக் குளிப்பாட்டி, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டுத் திரும்ப மாட்டியிருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு ஜோராக இருக்க மாட்டான். மாட்டிய அவசரத்தில் ஏதோ ஓர் இணைப்பு சரியாக உட்காரவில்லை.

தட்டைப் பிடித்திருந்தவர் கேன்டீன் மாஸ்டர் முனிராஜ். கையை முடிந்த மட்டும் முன்னால் நீட்டி, அடிமேல் அடி வைத்து வந்தார். அப்படி ஒரு பக்தி.

சரோஜம்மாளும் மற்ற கேன்டீன் பெண்களும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சாம்பிராணி ஆகாது போலிருக்கிறது. மேனேஜர் ஸ்ரீராம் எட்டப் போய் கேட் ஓரம் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டெபினுக்குச் சம்பளமே அந்த வார்த்தைக்குத்தான்.

வாய் எழவில்லை.

போன வருடம் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் டிரம் பக்கத்தில் கற்பூரம் வேண்டாம் என்று சொல்லித் தடுத்தான். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவுங்களுக்கு நம்ம சாமின்னாலே ஆகாதுப்பா."

யாரென்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனான்.

தட்டு சிலிண்டர் அறையின் கம்பிக் கதவை நெருங்கிவிட்டது. பின்னால் மொத்தக் கூட்டமும், பொரிக்காக வந்த பிள்ளைகளும்.

தடுக்கி விழுவதுபோல் தட்டைத் தட்டிவிடலாம். ஆனால் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படர்ந்து வரும். நெருப்பு கீழே விழுந்தால் கதை முடிந்தது.

ஸ்டெபின் முன்னால் போனான். ஒற்றிக்கொள்ள வருகிறவனைப் போல வலது கையை நீட்டினான். சுடரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். சூடு தாளாமல் பல்லைக் கடித்தான். கையை எடுக்கவில்லை.

கற்பூரம் அணைந்தது.

சாமிக்குக் காட்டுவதற்கு முன்பே கற்பூரம் அணைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"தெரியாம கைய வச்சுட்டேங்க. எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்ல" என்றான் ஸ்டெபின்.

பச்சைப் பொய். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் பக்கத்து வீட்டு முனிலட்சுமி அக்கா வெள்ளிக்கிழமைதோறும் நீட்டிய தட்டில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன் அவன்.

"அய்யோ பாவம், சாருக்கு ஒத்திக்கத் தெரியல" என்றார் சரோஜம்மாள், முந்தானைக்குள்ளிருந்து.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸ்டெபினும் சேர்ந்து சிரித்தான். உள்ளங்கை எரிந்தது. முகம் அதைவிட எரிந்தது. இத்தனை உயிர் போகும் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், ஊருக்குப் புதியவன்போல் வேஷம் கட்டியாயிற்று. அவன் பிறந்து வளர்ந்த ஊரில். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இனி மறுபடி கொளுத்தச் சொல்வார்கள். அப்போது என்ன செய்வது? இன்னொரு கை இருக்கிறது.

முனிராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "தீப்பெட்டி நனைஞ்சுபோச்சு சார்."

முதலில் பஸ்ஸுக்குக் காட்டிவிடலாம் என்று கேட் ஓரத்திலிருந்தே ஸ்ரீராம் குரல் கொடுத்தார். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டம் மடமடவென்று வெளியே நடந்தது. முனிராஜ் மட்டும் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனார். வால்வைத் திருகி மூடிவிட்டுத்தான் வந்தார்.

பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. முன்னால் யாரோ சாம்பிராணியை அள்ளிப் போட்டிருந்தார்கள்; எதிரில் நிற்பவர் முகம் தெரியாத புகை. முனிராஜ் தட்டில் புதுக் கற்பூரம் வைத்தார். அதே பையிலிருந்து அதே தீப்பெட்டியை எடுத்தார்.

முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

அவர் ஸ்டெபினைப் பார்க்கவில்லை.

ஸ்டெபின் மற்றவர்களைப் பார்த்தான். ஸ்ரீராம் இப்போது முதல் வரிசையில் கைகூப்பி நின்றார். அத்தனை புகையிலும் சரோஜம்மாள் முந்தானையைக் கீழே விட்டிருந்தார். எந்தப் பெண்ணும் மூக்கைப் பொத்தவில்லை.

நாற்றம் எல்லோருக்கும்தான் அடித்திருக்கிறது.

தட்டு அவனிடம் வந்தது. வெந்த கையையும் சேர்த்து நீட்டினான். சுடருக்கு மேலே பட்டும் படாமலும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், முனிலட்சுமி அக்கா வீட்டில் செய்வதுபோலவே.

"பரவால்லயே, அதுக்குள்ள கத்துக்கிட்டீங்களே சார்" என்றார் சரோஜம்மாள்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.