ஏரியைப் பார்த்த மனை

"மச்சான், மொதல்ல உன்கிட்டதான் சொல்றேன். வேற ஒருத்தருக்கும் தெரியாது" என்றான் தாவீது. "மதுராந்தகத்துல ஒரு மனை பாத்துகீறேன். ஏரிய பாத்த மாதிரி. வெள்ளிக்கிழமை பத்திரம். ஓனரு பேரு திருவேங்கடம். இந்தா, அவரு நம்பரு உன்கிட்டயும் இருக்கட்டும், எதுக்கும்."

ஜெபசிங்குக்கு வாயிலிருந்த டீ கசந்தது. அச்சரப்பாக்கத்தில் அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவது லாரி ஷெட். தங்கை மேரியின் புருஷனுக்கு மட்டும் ஏரி தெரியணுமா?

"சந்தோசம் மாப்ள" என்றான்.

"இன்னா சந்தோசம்? நம்ம பிளான் என்னிக்கி நெனச்ச மாதிரி நடந்துகீது? கர்த்தர் பாத்துக்குவாரு."

அதுவும் உண்மைதான். போன வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் தாவீதுக்கு டிரைவர் வேலை முடிவானது. எவனோ மேனேஜருக்குப் போன் செய்து, "அவனுக்கு ஆறு மணிக்கு மேல கண்ணு தெரியாது" என்றான். வேலை போயிற்று. பத்தே நாளில் படூர் காலேஜில் பஸ் ஓட்டும் வேலை வந்தது. பி.எஃப். உண்டு, ஞாயிறு லீவு, மத்தியானச் சாப்பாட்டில் முட்டை.

பிறகு வாடகைக்கு ஒரு வீடு பேசினான். எவனோ ஓனருக்குப் போன் செய்து, "விடியகாலம் நாலு மணிக்கு மைக் வெச்சி ஜெபம் பண்ற குடும்பம்" என்றான். வீடு போயிற்று. அதே வாடகைக்கு அதைவிடப் பெரிய வீடு, மாமரத்தோடு கிடைத்தது. பதினெட்டு வருஷம் காய்க்காத மரம். தாவீது பால் காய்ச்சிய வாரம் காய்த்துத் தொலைத்தது.

இரண்டு முறையும் போன் செய்த அந்த எவனோ, ஜெபசிங்தான். குரல் தெரியாமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

இப்போது ஏரி. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை திருவேங்கடத்தின் நம்பரை எடுத்தான். மூக்கையும் பிடித்துவிட்டான். அப்போதுதான் பொறி தட்டியது.

'இதையும் கெடுத்தா கர்த்தர் சும்மா வுடுவாரா? ஏரிக்குப் பதிலா மாமல்லபுரத்துல கடல பாத்த மாதிரி குடுப்பாரு! வேணாம்பா. ஏரியோடவே கெடக்கட்டும்.'

மூக்கை விட்டான். ஒரு தடங்கலும் இல்லாமல் பத்திரம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாவீது ஜாங்கிரியோடு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னா மாப்ள, நெனச்சது நடந்துச்சில்ல?"

"நடந்துச்சே, அதான் பேஜாரு! மழ பேஞ்சா அந்த மனையில இடுப்பளவு தண்ணி நிக்குது. உன் தங்கச்சிதான் வாங்கியே ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கர்த்தர் மேல பாரத்தப் போட்டு, நம்பரோட உன்கிட்ட வந்து சொன்னேன்..."

ஜெபசிங் கையில் ஜாங்கிரி அப்படியே நின்றது.

"எப்பவும் போல மூக்கப் புடிச்சிகினு ஒரு போன் போடக் கூடாதா மச்சான்?"