நாலு பேர் சந்தேகம்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பியதும் அறிவியல் டீச்சர் அவர் அறைக்குப் போனாள்.

"உங்க பாடம் பசங்களுக்குப் புரியலையோன்னு தோணுது டீச்சர்," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார் அவர்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் நோட்டும் கையுமாக ஆய்வகத்துக்குப் போகிறார்கள். கேட்டால் சந்தேகம் என்கிறார்கள். வேறு எந்த டீச்சரிடமும் இந்தக் கூட்டம் இல்லை. மூளை, மனசு என்று வகுப்பில் தினமும் பத்து நிமிஷத்தை வீணடித்தால் பாடம் எப்படி ஏறும்? இப்படியே போனால் அடுத்த மாதம் வகுப்பை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டி வரும் என்றார்.

டீச்சர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

பயந்துபோன மூளைக்குள் பாடம் நுழையாது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தவள் அவள். வந்ததும் முதல் வேலையாக, திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பதை விட்டாள். முதல் பத்து நிமிஷம் பாடம் கிடையாது. மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையை அன்றைக்கு எதுவும் கேட்க மாட்டாள். பேரைச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒருத்தி, இரண்டே மாதத்தில் கரும்பலகை முன்னால் நின்று இதயத்தைப் படம் போட்டு விளக்கினாள். பிள்ளைகள் தனக்கு 'மூளை மிஸ்' என்று பேர் வைத்ததில் டீச்சருக்குப் பெருமைதான்.

அதெல்லாம் ஆரம்பித்தது வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது. அவர் போய் ஆறு மாதம் ஆகிறது.

இப்போதெல்லாம் ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்தாலே பேச்சு பாதியில் நின்றுவிடும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எதற்கு அவர்களுக்குச் சங்கடம் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு மாறிவிட்டாள். வீட்டிலும் பேச்சுத்துணை இல்லை. வகுப்பில் நுழைந்து 'குட்மார்னிங்' சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகத் தன் குரலே அவள் காதில் விழும்.

அப்புறம்தான் பிள்ளைகள் நாலு நாலு பேராகச் சந்தேகம் கேட்க வர ஆரம்பித்தார்கள். பன்னிரண்டரை மணி ஆனால் அவள் கண் தன்னால் வாசலுக்குப் போய்விடும்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் புரியாமல் போனதிலா இத்தனை நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்?

மறுநாள், அவர்கள் சந்தேகம் கேட்ட பகுதிகளிலிருந்தே ஒரு டெஸ்ட் வைத்தாள். திருத்தத் திருத்தக் குழப்பம்தான் கூடியது. ஒருத்தர்கூடக் கோட்டை விடவில்லை.

விடைத்தாள்களைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். வகுப்பு உங்களிடமே இருக்கட்டும் என்றார். ஆனால் விஷயத்தை அதோடு விடவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு வர்றாங்க? வெயிலுக்கு ஃபேன் காத்து வாங்கவா? விசாரிச்சுச் சொல்லுங்க."

அன்றைக்கு மத்தியானமும் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி சரியான வாயாடி. கண்ணுக்குள் உருவம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று கேட்டபடி நோட்டைத் திறந்தாள்.

டீச்சர் நோட்டை மூடி வைத்தாள்.

"இதைத்தான் டெஸ்ட்ல படம் போட்டுச் சரியா எழுதியிருக்கியே. நிஜத்தைச் சொல்லுங்க, எதுக்கு வர்றீங்க?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை ஒன்று தரையைப் பார்த்தபடி சொன்னது:

"முப்பத்திரண்டு பேரும் முறை போட்டு வர்றோம் மிஸ். யாராவது பக்கத்துல இருந்து பேசிக்கிட்டிருந்தாத்தான் நீங்க மிச்சம் வைக்காம சாப்பிடுறீங்க."