கொண்டை போட்டது யாரு?

மரக்காணம் உப்பளத்தில் மூட்டுவாதம் வந்த பெண்கள் முப்பது பேர். யாருக்கு எவ்வளவு முடியவில்லை என்று அளக்க, ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது கேள்விகளோடு வந்திருந்தாள் பிரிசில்லா. அவற்றைப் பத்தாகச் சுருக்குவதுதான் ஆராய்ச்சி.

வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி அமுதவல்லியோ, வருகிறவர்களிடமெல்லாம் வம்பளந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னைக்குக் கொண்டை போட்டது யாரு?"

"நானேதான்க்கா."

"எம் பொண்ணு போட்டுவுட்டா."

மேஸ்திரிக்குக் குட்டை முடி. ஏதோ வேண்டுதலுக்கு மொட்டை போட்ட ஏக்கம் போல என்று பிரிசில்லா சிரித்துக்கொண்டாள்.

முப்பது பேரிடமும் கேட்டு முடித்து, மதியம் மதிப்பெண்களைக் கூட்டினாள். ரொம்ப முடியாதவர்கள் ஒன்பது பேர். நிமிர்ந்து பார்த்தால், அதே ஒன்பது பேரும் காலையிலிருந்தே கூடை தூக்காமல், கொட்டகை நிழலில் உப்பில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கையத் தூக்கிக் கொண்டை போட முடியாதவ, கூடையத் தலைக்கு ஏத்துவாளா? அதான் கேட்டேன்."

பிரிசில்லா கேள்வித்தாள்களைக் கீழே வைத்தாள். "இந்த ஒத்தக் கேள்வி எங்கக்கா கெடச்சுது?"

நெற்றி வியர்வையைத் துடைக்க அமுதவல்லி கையைத் தூக்கினாள். கை தோளைத் தாண்டவில்லை. குனிந்து துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் போட்டுவுட வூட்ல யாரும் இல்லம்மா. வெட்டிக்கிட்டேன்."